யோசுவாவின் நாளை நாசா கண்டுபிடித்ததா?

கேள்வி: தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். யோசுவா பத்தாம் அதிகாரம் நடத்தும்போது, சூரியன் நின்ற அந்த நாளை நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு மாணவி, "எங்க பிசிக்ஸ் சார் அது புரளின்னு சொல்லிட்டாரு டீச்சர். அப்ப இயேசு உயிர்த்தெழுந்ததுக்கு மட்டும் என்ன ஆதாரம்?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. "விசுவாசிக்கணும், கேள்வி கேட்கக் கூடாது" என்று சொல்லி ஜெபத்தோடு முடித்துவிட்டேன். அது சரியா? விசுவாசத்தை விஞ்ஞானப்படி நிரூபிக்க வழி உண்டா? படைப்பு, சுகமளிக்கும் ஜெபம் பற்றியும் கேட்கிறார்கள்.
— ஓர் ஆசிரியை, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிசிக்ஸ் சார் சொன்னதுதான் சரி. வருகிற ஞாயிறு, வகுப்பு தொடங்கியதும், அந்த மாணவியின் முன்னாலேயே அதை ஒத்துக்கொள்ளுங்கள். எங்கே தப்பு என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள். வெறுமனே "அது புரளியாம்" என்று விட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

கம்ப்யூட்டர் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது ஒரு நாள் குறைந்தது என்பதுதான் அந்தக் கதை. அதன் கணக்கு இது: யோசுவாவின் நாளில் 23 மணி 20 நிமிடம், எசேக்கியா ராஜா காலத்தில் சூரிய கடிகாரத்தின் நிழல் பத்துப் பாகை பின்னால் போனதில் 40 நிமிடம், ஆக 24 மணி. கூட்டலில் பிழையில்லை. வானம் ஒரு மணிக்கு 15 பாகை நகர்வதால் பத்துப் பாகைக்கு 40 நிமிடம் வரும். ஆனால் கம்ப்யூட்டர் இன்றைய கோள் நிலையை எடுத்துக்கொண்டு, இயக்க விதிகளின்படி பின்னோக்கிக் கணக்கிடுகிறது. நடுவில் பூமி ஒரு நாள் நின்றிருந்தாலும் அதற்குத் தெரிய வழியில்லை. "ஒரு நாள் குறைகிறது" என்று சொல்ல, அந்த நாளுக்கு முன்பே யாரோ ஒருவர் தேதியோடு எழுதிவைத்த கிரகணக் குறிப்பு வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாகத் தொடர்ச்சியாகக் கிடைக்கும் பாபிலோனியக் குறிப்புகள் கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்துதான் தொடங்குகின்றன. யோசுவாவின் காலம் அதற்குப் பல நூற்றாண்டு முந்தையது. இன்னொன்று: இதே 23 மணி 20 நிமிடக் கணக்கு 1890-ல் டாட்டன் என்ற அமெரிக்கர் எழுதிய புத்தகத்திலேயே இருக்கிறது. நாசா தொடங்கியது 1958-ல்!

அப்படியானால் யோசுவா 10-ஐ எப்படி நடத்துவது? 13-ஆம் வசனத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "யாசேரின் புஸ்தகம்" என்ற பழைய நூலிலிருந்து எடுத்ததாக வேதமே சொல்கிறது. அந்த வரிகள் கவிதை. நேரடியான அற்புதமாக வாசிப்பவர்களும் உண்டு, போர்க்களப் பாட்டாக வாசிப்பவர்களும் உண்டு. இரண்டையும் சொல்லலாம். நாசா எதற்கும் தேவையில்லை.

மோசமான ஆதாரம் ஆதாரமே இல்லாததைவிட ஆபத்தானது. சபையின் பெரிய ஆசிரியர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய அகஸ்டின், வானத்தையும் நட்சத்திரங்களையும் நன்றாக அறிந்த அவிசுவாசிகளிடம் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்கிறார். உங்கள் மாணவி கேட்டதும் இதே கேள்விதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை விசுவாசத்தால்தான் ஏற்கிறோம், அதை நிரூபிக்கப் போய் வலுவில்லாத வாதங்களைச் சொன்னால் அவிசுவாசிகள் சிரிப்பார்கள் என்று எழுதினார். கடவுள் உண்டு என்பதற்கு ஐந்து வழிகளில் வாதிட்டவரே அவர்தான். எது வாதத்துக்கு எட்டும், எது எட்டாது என்று அவர் கோடு போட்டுவைத்திருந்தார்.

"கேள்வி கேட்கக் கூடாது" என்பதை மட்டும் இனிச் சொல்லாதீர்கள். விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள் என்பது 1 பேதுரு 3:15. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவை இயேசு வெளியே அனுப்பவில்லை, கையை நீட்டச் சொன்னார்.

நிரூபணம் என்ற ஒரே சொல்லில் பிள்ளைகள் பல சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் பக்கத்து வயலையே எடுத்துக்கொள்ளுங்கள். மண் உவரா என்று தெரிய மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவோம். மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர் நிலம். யார் போய் அளந்தாலும் அதே விடை வரும். அந்த நிலம் யாருடையது என்று கேட்டால் மண்ணைச் சோதித்துப் பயனில்லை. பட்டா, சிட்டா, பழைய பத்திரம், ஊர்ப் பெரியவர்களின் சாட்சி என்று போக வேண்டும். குத்தகைக்கு விட்ட ஆள் அறுப்புக்குப் பிறகு நெல் அளப்பாரா என்பது மூன்றாவது கேள்வி. அவர் இதுவரை நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து நம்பித்தான் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கைக்குக் காரணங்கள் உண்டு, ஆனால் முன்கூட்டியே சோதித்துச் சான்றிதழ் வாங்க முடியாது.

கடவுளை நம்புவது மூன்றாவது வகை. இயேசுவின் மரணமும் உயிர்த்தெழுதலும் நடந்ததா என்பது இரண்டாவது வகை. பிரபஞ்சத்தின் வயது, நோய், கிரகணம் எல்லாம் முதல் வகை. கூடத்தில் சோதிக்க முடிந்ததுதான் உண்மை என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்தையே எந்தக் கூடத்தில் சோதிப்பது என்று பிள்ளைகள் மரியாதையாகக் கேட்கலாம். இதைச் சொல்லி விஞ்ஞானத்தை மட்டம் தட்டவும் வேண்டாம். விஞ்ஞானமும் ஜியோமிதித் தேற்றம் போல ஒரேயடியாக நிரூபித்து மூடிவிடுவதில்லை. புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை பாகையில் 3600-ல் ஒரு பங்கு) கூடுதலாக நகர்ந்ததற்கு நியூட்டனிடம் விடையில்லை, 1915-ல் ஐன்ஸ்டைனிடம் இருந்தது. திருத்திக்கொள்வதுதான் அதன் பலம்.

இப்போது மாணவியின் கேள்வி. பொந்தியு பிலாத்துவின் காலத்தில் இயேசு சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதைக் கிறிஸ்தவரல்லாத வரலாற்று ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஏற்கிறார்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 116-ஐ ஒட்டி இதை எழுதியிருக்கிறார், அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். அடுத்து 1 கொரிந்தியர் 15. அந்த நிருபம் சுமார் கி.பி. 55-ல் எழுதப்பட்டது. மரணத்துக்கும் அதற்கும் இடைவெளி ஏறக்குறைய 25 ஆண்டு. அதிலும் 3 முதல் 7 வரையுள்ள வசனங்கள் தான் பெற்று ஒப்புவித்தவை என்று பவுல் சொல்கிறார், அதாவது இன்னும் பழையவை. கண்டவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் குறிப்பிட்டு, பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்காதீர்கள். கல்லறைக்குப் போன பெண்களாக மாற்கு மூவரைச் சொல்கிறார், மத்தேயு இருவரை, யோவான் ஒருத்தியைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். சீஷர்கள் கண்டது மனத்தோற்றம் என்பவர்கள் உண்டு, கதை வளர்ந்தது என்பவர்களும் உண்டு. சீஷர்கள் அவரை உயிரோடு கண்டதாக உண்மையிலேயே நம்பினார்கள் என்பதுவரை வரலாற்று முறை நம்மைக் கொண்டுபோகும். அவர் எழுந்தார் என்ற முடிவுக்கு, அப்படிச் செய்யக்கூடிய கடவுள் உண்டா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இல்லவே இல்லை என்று தொடங்குபவருக்கு எந்தச் சாட்சியும் போதாது. உண்டு என்று தொடங்குபவர் எளிதில் ஏமாறவும் கூடும். இதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாம். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுலே 14-ஆம் வசனத்தில் பந்தயம் வைக்கிறார். ஒரு மதம் தன்னைப் பற்றி இப்படி எழுதிவைப்பது சாதாரணமில்லை.

படைப்பு பற்றிச் சுருக்கமாக. ஆறு நாளும் 24 மணி நேர நாளா என்பதில் கிறிஸ்தவர்களிடையே ஒரே கருத்து என்றும் இருந்ததில்லை. சூரியனே நான்காம் நாளில்தானே வருகிறது என்ற கேள்வியைப் பழைய சபைப் பிதாக்களே எழுப்பியிருக்கிறார்கள். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதியவர், பின்னாளில் பெருவெடிப்பு என்று பெயர்பெற்ற கருத்தை 1931-ல் முன்வைத்தவர், ஜார்ஜ் லெமேத்ர் என்ற பெல்ஜியக் கத்தோலிக்கக் குருவானவர். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்கு ஆதாரம்போலப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பது அவர் நிலை. நாளைக்குக் கோட்பாடு மாறினால் விசுவாசமும் மாறவேண்டுமா? விஞ்ஞானத்துக்கு இன்று விளங்காத இடத்தில் எல்லாம் கடவுளைக் கொண்டுபோய் வைத்தால், இடம் குறையக் குறைய அவரும் சுருங்குவார். அந்த வாதத்தை வகுப்பில் நுழைய விடாதீர்கள்.

சுகமளிக்கும் ஜெபத்தில் உயிர் சம்பந்தப்பட்டிருப்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். ஜெபித்த பிறகு மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் ஆகாது. முதல்வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை விட்டால் ஓரிரு நாளில் ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும். ஆறு மாதக் காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசம் வரலாம். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு, போய் ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள் என்கிறார். குணமானதைப் பரிசோதித்து உறுதிசெய்வது அந்தக் காலத்தில் ஆசாரியர் வேலை. இன்று அதற்கு டாக்டர் இருக்கிறார்.

ஜெபத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். தெரியாமல் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் பின்விளைவுகள் வந்தன. தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிரிவில் 59 சதவீதம். ஜெபத்தால் பலன் தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு, மழுப்ப வேண்டாம். அதேசமயம் வீட்டில் அம்மா செய்யும் ஜெபத்தை எந்த ஆய்வாளரும் நிறுத்த முடியாது, ஆகவே ஜெபமே இல்லாத பிரிவு என்று ஒன்று அமையாது. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதே என்ற வசனமும் இருக்கிறது.

சுனாமியில் சில ஆலயங்கள் தப்பியதைச் சாட்சியாகச் சொல்லும் பழக்கம் நம் கடற்கரையில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல சரித்திரம் பக்கத்திலேயே கிடக்கிறது. மிஷனரி சீகன்பால்க் கட்டிய 1718-ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம் இருக்கும் தரங்கம்பாடிக்குத்தான், தாவரவியல் அறிஞர் லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-ல் மிஷன் மருத்துவராக வந்து செடிகொடிகளை ஆராய்ந்தார். பின்னால் வந்த மிஷனரி ராட்லரின் பெயரை ஒரு தாவரப் பேரினத்துக்கே வைத்தார்கள். பிரசங்கமும் செடி உலர்த்தும் காகிதமும் அவர் வாழ்க்கையில் சேர்ந்தே இருந்தன.

அடுத்த வகுப்பை இப்படி நடத்திப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் நாசா விஷயத்தைத் திருத்துங்கள். பிறகு பெயர் போடாமல் ஆளுக்கு ஒரு கேள்வி துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லி, வயல் உதாரணத்தைச் சொல்லி, சீட்டுகளை மூன்று குவியலாகப் பிள்ளைகளே பிரிக்கட்டும். எதில் சேர்ப்பது என்று சண்டை வரும், அதுதான் பாடம், அவசரப்படாதீர்கள். இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததை "தேடிச் சொல்கிறேன்" என்று எடுத்துவைத்து, சொன்ன வாரத்தில் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அந்த பிசிக்ஸ் சாரையே ஒரு ஞாயிறு கூப்பிடுங்கள், அவர் எந்த மதத்தவரானாலும் பரவாயில்லை. கிரகணக் கணக்கை அவர் போர்டில் போடட்டும், யோசுவா பத்தை நீங்கள் வாசியுங்கள்.