எர்ஜேயை 'அந்தக் காலம் அப்படி' என்று விட்டுவிடலாமா?

கேள்வி: டின்டின் சித்திரக்கதைகளைப் படைத்த பெல்ஜிய ஓவியர் எர்ஜே இனவெறியர் என்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள்? இனி அவர் கதைகளை எப்படி வாசிப்பது?

டின்டின் கதைகளோடு வளர்ந்தவன் நான். எழுத்துக்கூட்டி வாசிக்கும் முன்பே படம் பார்த்துக் கதை பிடிக்கப் பழகியது அவற்றில்தான். அதனால் என் மனம் எர்ஜே பக்கம் சாயும் என்பது எனக்கே தெரியும். அப்படியிருந்தும் சொல்கிறேன், பழியைக் காலத்தின் மேல் போட்டுவிட முடியாது.

டின்டின் காங்கோவுக்குப் போகும் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1930-31ல் பெல்ஜியத்தின் கத்தோலிக்க நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் அது தொடராக வந்தது. காங்கோ அப்போது பெல்ஜியத்தின் காலனி. காலனியின் மேல் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரவேண்டும் என்று பத்திரிகையை நடத்திய பாதிரியார் வாலே அதை எழுதச் சொன்னார். எர்ஜேக்கு வயது 23. அவருக்கு அமெரிக்காவைப் பற்றி வரையத்தான் ஆசை. காங்கோ மண்ணை அவர் மிதித்ததே இல்லை. கதையில் வரும் கறுப்பு மனிதர்களுக்குத் தடித்த உதடு, அரைகுறைப் பேச்சு, எதற்கெடுத்தாலும் பயம். கடைசியில் கதைநாயகன் டின்டினுக்கும் அவன் நாய்க்கும் சிலை வைத்துக் கும்பிடுகிறார்கள்.

சரி, இதுவரை 'அறியாத வயது' என்று சொல்லலாம். எர்ஜேயும் பின்னாளில் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்: தன்னைச் சுற்றியிருந்தவர்களின் தப்பெண்ணங்களில் ஊறி வளர்ந்தேன், அது இளமையில் செய்த பிழை என்று.

ஆனால் 1934ல் ஒன்று நடந்தது. அடுத்த கதை சீனாவில் என்று எர்ஜே அறிவித்ததும், சீன மாணவர்களோடு பழகிய பாதிரியார் ஒருவர், அந்த மக்களைத் தெரிந்துகொண்டு வரையுங்கள் என்று எழுதினார். பிரஸ்ஸல்ஸ் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்துக்கொண்டிருந்த ஜாங் சோங்ரென் அப்படித்தான் எர்ஜேக்கு அறிமுகமானார். இருவருக்கும் ஒரே வயது. ஜாங் சீன ஓவியத்தையும் அரசியலையும் வாழ்க்கையையும் சொல்லிக்கொடுத்தார். 'நீலத் தாமரை' கதையில் சுவர்களில் இருக்கும் சீன எழுத்துகள் அவர் கைப்பட எழுதியவை. அந்தக் கதையில் டின்டின் சாங் என்ற சிறுவனை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறான். பிறகு இருவரும் உட்கார்ந்து, ஐரோப்பியர் சீனரைப் பற்றியும் சீனர் ஐரோப்பியரைப் பற்றியும் நம்பும் கட்டுக்கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எர்ஜே வரைந்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான். தெரியாத மக்களைத் தெரிந்துகொண்டு வரைவது எப்படி என்பதை 27 வயதில் கற்றுக்கொண்ட மனிதரின் பக்கம் அது.

இது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, 1941-42ல் அவர் செய்ததைப் படிக்கும் வரை. அப்போது பெல்ஜியம் நாஜிகள் பிடியில். அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த 'லெ சுவார்' நாளிதழில் அவருடைய விண்கல் கதை தொடராக வந்தது. அதில் வில்லன் புளூமென்ஸ்டைன் என்ற நியூயார்க் வங்கிக்காரர். பெயரும் மூக்கும் சேர்ந்து அவரை யூதர் என்று காட்டிக்கொடுக்கும். உலகம் அழியப்போகிறது, இனிக் கடனைத் திருப்பித் தர வேண்டாம் என்று இரண்டு யூத வியாபாரிகள் மகிழும் ஒரு கட்டமும் இருந்தது. தொடர் முடிந்தது 1942 மே மாதம். அதே வருடம் ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மெகெலன் நகரிலிருந்து யூதர்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் புறப்பட ஆரம்பித்தன. ஜாங்கிடம் கற்ற பாடத்துக்கு ஏழு வருடம் கழித்து வரைந்தது இது. இங்கே 'தெரியாமல்' என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

அப்புறம் அவர் திருத்தியவை. பலர் இதை அவருக்குச் சாதகமாகச் சொல்வார்கள். காங்கோ கதையின் பழைய கறுப்பு வெள்ளைப் பதிப்பையும் 1946ன் வண்ணப் பதிப்பையும் ஒரு நாள் அருகருகே வைத்துப் பார்த்தேன். பழையதில் டின்டின் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'உங்கள் தாய்நாடு பெல்ஜியம்' என்று பாடம் எடுப்பான். புதியதில் அது கூட்டல் கணக்கு. ஆனால் உதடுகள் அப்படியே, கும்பிடும் காட்சி அப்படியே. 1975ல் ஸ்காண்டிநேவியப் பதிப்பாளர்கள், டின்டின் காண்டாமிருகத்தின் முதுகில் துளை போட்டு வெடி வைக்கும் பக்கத்தை மாற்றச் சொன்னார்கள். எர்ஜே அதை மாற்றி வரைந்தார், மிருகம் உயிரோடு ஓடிப்போனது. மனிதர்களின் முகங்களை மாற்றி வரைய அப்போதும் அவருக்குத் தோன்றவில்லை. விண்கல் கதையிலும் யூத வியாபாரிகளின் கட்டம் நூலில் இல்லை, வங்கிக்காரர் பெயர் போல்விங்கெல் ஆனது. மூக்கு போகவில்லை.

எதை அழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னை உறுத்துகிறது. பிரஸ்ஸல்ஸில் இருந்த காங்கோ நாட்டவர் ஒருவர் 2007ல் அந்தப் புத்தகத்தின் மேல் வழக்குப் போட்டார், 2012ல் தோற்றார். இனவெறியைத் தூண்டும் நோக்கம் இல்லை என்றது நீதிமன்றம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அந்தப் படத்தில் தன் தாத்தாவின் முகத்தைப் பார்க்கும் ஒருவருக்கு, வரைந்தவரின் நோக்கம் என்னவாக இருந்தால் என்ன?

புத்தகத்தைத் தடை செய்யச் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் முன்னுரையோடு படிக்கட்டும், சிறு பிள்ளை கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம். மற்ற கதைகளை நான் இன்றும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவர் வரையும் கோட்டின் தெளிவு வேறு யாரிடமும் எனக்குக் கிடைத்ததில்லை.

'திபெத்தில் டின்டின்' கதையில், விமான விபத்தில் செத்துவிட்டதாக எல்லோரும் சொல்லும் சாங்கைத் தேடி டின்டின் இமயமலை ஏறுகிறான். அவனுக்காக அழுகிறான். அந்த இடம் வரும்போது எனக்கும் கண் கலங்கும். இப்போதெல்லாம் கூடவே கோகோவின் நினைவும் வருகிறது. காங்கோவில் டின்டினுக்கு வேலையாளாக வந்த சிறுவன். அந்தக் கதைக்குப் பிறகு எர்ஜே அவனை எந்தக் கதையிலும் வரையவில்லை.