குளிர்காலத்தை யெட்டி எப்படித் தாக்குப்பிடிக்கும்?

யெட்டி எனப்படும் இமயத்துப் பனிமனிதன் பற்றி வந்த கேள்விகளில் குளிர் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அப்படியொரு உயிர் உண்டு என்பதற்கு இதுவரை சான்று இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விகள் எனக்குப் பிடித்தமானவை. பதில் தேடப் போனால், அந்த மலைகளில் நிஜமாகவே வாழும் விலங்குகளைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

மைனஸ் 30 டிகிரியில் வெறும் முடி போதுமா?

ஏறக்குறைய போதும். இமயத்தின் சடைமாடான யாக்கின் முடியை விலக்கிப் பார்த்தால் மேலே நீண்ட முரட்டு முடியும், தோலை ஒட்டி நெருக்கமான மென்முடியும் தெரியும். அந்த மென்முடிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. உடம்பும் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. உடல் பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிடுகையில் வெப்பம் வெளியேறும் தோல்பரப்பு குறையும். எனவே கதைகளில் வரும் முடி அடர்ந்த பெரிய உருவத்துக்குக் குளிரைவிட வயிறுதான் பெரிய பிரச்சினை.

அப்படியென்றால் எதைத் தின்னும்?

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. 200 கிலோ எடையுள்ள பாலூட்டி சும்மா படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 3,700 கிலோகலோரி தேவை. ஆழமான பனியில் நடந்து தேடினால் இன்னும் எவ்வளவோ கூடும். யாக் காய்ந்த புல்லை வைத்தே சமாளித்துவிடும், ஏனென்றால் அது அசைபோடும் விலங்கு. நான்கு அறை வயிற்றில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைத்துக் கொடுக்கின்றன. மனிதக் குரங்கைப் போன்ற ஒன்றுக்கு அந்த வசதி கிடையாது. பனிச்சிறுத்தை நீலஆடுகளை வேட்டையாடிப் பிழைக்கிறது, ஆனால் அதன் எடை யெட்டிக்குச் சொல்லப்படுவதில் கால்வாசிதான். சீனாவின் யுன்னான் மலைக்காடுகளில் சப்பைமூக்குக் குரங்குகள் மரங்களில் தொங்கும் லைக்கன்களை (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளரும் உயிர்களை) தின்றே குளிர்காலத்தைக் கடக்கின்றன. அவையும் காட்டை விட்டு மேலே ஏறி வாழ்வதில்லை. யெட்டி இருந்தால் அதுவும் குளிர்காலத்தில் காட்டுக்குள்தான் இறங்கியிருக்க வேண்டும்.

கரடி மாதிரி தூங்கிவிட்டால்?

நல்ல யோசனை. கரடியின் உடல் வெப்பம் சில டிகிரி மட்டுமே இறங்கும், இதயத்துடிப்போ வெகுவாகக் குறையும். இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பில் மாதக்கணக்கில் ஓட்டிவிடும். குரங்கினத்தின் உறவினர்களிலும் மடகாஸ்கரின் கொழுப்புவால் குள்ள லெமூர் பல மாதங்கள் உறங்குகிறது. ஆனால் அது உள்ளங்கையில் அடங்கும் பிராணி. பெரிய மனிதக் குரங்குகள் எதற்கும் இந்தப் பழக்கம் இல்லை.

வெறுங்காலில் விரல்கள் உறைந்துபோகாதா?

போக வேண்டியதில்லை. ஓநாய்களின் பாதத்தில் இறங்கும் சூடான ரத்தம், திரும்பி ஏறும் குளிர்ந்த ரத்தத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே நின்றுவிடும்.

ஜிகாண்டோபித்திகஸின் வாரிசாக இருக்குமோ?

வாய்ப்பு மிகக் குறைவு. அது தென்சீனக் காடுகளில் வாழ்ந்த ராட்சத மனிதக் குரங்கு, தாவர உண்ணி. காடு மாறியபோது உணவை மாற்றிக்கொள்ள முடியாமல் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது.

பிறகு அந்தப் பெரிய கால்தடங்கள்?

1951-இல் பிரிட்டிஷ் மலையேறி எரிக் ஷிப்டன் எடுத்த கால்தடப் படம்தான் இந்தத் தேடலுக்கே பெரும் வேகம் கொடுத்தது. பனியில் பதிந்த தடம் வெயில் பட்டால் உருகி அகலும். கரடி நடக்கையில் முன்கால் தடத்தின் மேல் பின்கால் விழுந்து, இரண்டும் ஒரே நீண்ட பாதமாகத் தெரிவதும் உண்டு. 2017-இல் வெளியான மரபணு ஆய்வில் யெட்டியுடையவை எனப்பட்ட 9 மாதிரிகளில் 8 கரடிகளுடையவை, ஒன்று நாயுடையது. அந்தக் கரடிகளில் இமயப் பழுப்புக் கரடியும் ஒன்று. அது இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.