வாசகர் கேள்வி பதில்: தோட்டத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொள்பவருக்கு யார் துணை?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 120 குடும்பங்கள். மலைக்கு மேலே இருக்கும் ஊற்றிலிருந்து பைப் போட்டு, தொட்டியில் பிடித்து, லயத்துக்கும் புது வீடுகளுக்கும் கொடுக்கிறோம். தண்ணீர்ச் சங்கம் இந்த வேலையை இப்போது என்னிடம் தந்திருக்கிறது. முன்பு பார்த்தவர் வால்வ் இருக்கும் இடத்தைக் காட்டியதோடு சரி. மழைக்குத் தண்ணீர் கலங்குகிறது, வெயிலுக்குப் போதவில்லை. பயிற்சி, புத்தகம், உதவி, எதை எங்கே கேட்பது?
வாசகர், பொகவந்தலாவை

பதில்: முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். "தண்ணீர் போதவில்லை" என்று மட்டும் கந்தோரில் போய்ச் சொன்னால் "பார்க்கிறோம்" என்ற பதிலோடுதான் திரும்பி வருவீர்கள். ஊற்றில் எவ்வளவு வருகிறது, தொட்டியில் எவ்வளவு தொலைகிறது என்று திகதி போட்டு எழுதிக் கொண்டுபோனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அளக்க ஒரு 20 லீற்றர் வாளியும் கைபேசியும் போதும். வாளி 40 செக்கனில் நிறைந்தால் செக்கனுக்கு அரை லீற்றர், நாளைக்கு 43,200 லீற்றர். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 70 லீற்றர் என்று வைத்தால் உங்கள் 120 வீட்டுக்கும் 42,000 லீற்றர்தான் தேவை. ஆக, பங்குனி வெயிலிலும் அரை லீற்றர் வருகிறது, ஆனால் கீழ் லயத்துக்குத் தண்ணீர் இல்லை என்றால் அது வழியில்தான் தொலைகிறது. எல்லாரும் தூங்கிய பிறகு தொட்டிக்கு வரும் பைப்பை மூடி, வீடுகளுக்குப் போகும் வால்வைத் திறந்தபடியே விட்டு, நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். நாலு மீற்றருக்கு ஐந்து மீற்றர் தொட்டி என்றால் ஒரு சென்ரிமீற்றர் இறங்குவது 200 லீற்றர். விடியும்வரை இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ பைப் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ குழாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள்.

அடுத்தது கலங்கல். மழை பெய்த கையோடு ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் மேலே ஓடும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்றுதான் அர்த்தம். ஊற்றுத் தொட்டியின் மூடியையும் வெடிப்பையும் பாருங்கள், மேல்பக்கம் குறுக்கே ஒரு கான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பி விடுங்கள். கான் வெட்டத் தெரிந்தவர்களை நம் தோட்டங்களில் தேட வேண்டியதில்லை. ஊற்றுக்கு மேலே தேயிலை இருந்தால் அந்த இடத்தில் உரம் போடாமலும் மருந்து அடிக்காமலும் விட, சங்கத்தின் பெயரில் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துப் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்கள். உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவர் பீ.எச்.ஐ. மாத்தையா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். குடிதண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அவருடைய வேலையிலேயே சேர்ந்தது, அதனால் தயங்காமல் சுகாதார வைத்திய அதிகாரி கந்தோரில் எழுதிக் கொடுங்கள். வெறும் சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். கிருமி நீக்கிய போத்தலை ஆய்வுகூடமே தரும், அதைக் குளிராக வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். முடிவு வந்ததும் ஈ.கோலை, அதாவது மலத்திலிருந்து வரும் கிருமி, என்ற வரியைப் பாருங்கள், 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பழைய பரிசோதனை முடிவுகளைக் கேட்டும் தரவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, எழுத்தில் கேளுங்கள்.

பைப், வால்வ், தொட்டி பற்றிய தொழில்நுட்ப உதவிக்கு தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களத்தைக் கேளுங்கள். உங்களைப் போன்ற சங்கங்களுக்காகவே இருக்கும் திணைக்களம் அது. சங்கத்தைப் பதிவது, பயிற்சி, இரண்டையும் அங்கேதான் முதலில் விசாரிக்க வேண்டும். நீர் வழங்கல், வடிகாலமைப்புச் சபையின் இலக்கம் 1939. பைப் வாங்கும்முன் திணைக்களத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் ஏறும், நம் மலைகளில் 60 மீற்றர் இறக்கம் சாதாரணம், அங்கே 6 பார் தாங்கும் 600 வகைப் பைப் அதன் எல்லையிலேயே நிற்கும், வால்வைச் சட்டென்று மூடினால் வெடித்துவிடும். ஒன்று 1000 வகை போட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் அழுத்தத்தை உடைக்கும் ஒரு சிறு தொட்டி கட்ட வேண்டும். எது மலிவு என்று இடத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பிரதேச சபையையும் விடாதீர்கள். "தோட்டத்துக்குள் எங்களால் வேலை செய்ய முடியாது" என்பது பழைய பதில். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தோட்ட மக்களுக்கும் சபை சேவை செய்யலாம். இதை உறுதியாக, ஆனால் மரியாதையோடு சொல்லுங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. சரிவில் புதிதாகத் தொட்டி கட்டுவதாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்டக் கந்தோரில் இடத்தைக் காட்டி, மண்சரிவு ஆபத்து உண்டா என்று கேட்காமல் ஒரு கல்கூட வைக்காதீர்கள். நிறைந்த தொட்டியின் பாரமும் கசிந்து மண்ணில் ஊறும் தண்ணீரும் சேர்ந்தால் கீழே லயத்தில் தூங்குபவர்களுக்குத்தான் ஆபத்து.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் சிறு சமூக நீர் வழங்கலுக்கென்றே 2012இல் ஒரு கையேடு வெளியிட்டது, ஆறு கட்டமாகப் பிரித்துப் படத்தோடு சொல்கிறது. ஊற்று, தொட்டி, பைப் ஒவ்வொன்றையும் சோதிக்கக் கேள்வித்தாள்களும் வைத்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசம், ஆங்கிலத்தில் கிடைக்கும். ஏ.எல். படிக்கும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்து முதலில் கேள்வித்தாளை மட்டும் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், உடனே பயன்படுவது அதுதான்.

கேள்வி: தொட்டியில் குளோரின் போட்டால் தேத்தண்ணீர் ருசி கெடுகிறது என்று வீட்டுக்கு வீடு சண்டை. அளவு என்ன?
வாசகி, பண்டாரவளை

பதில்: ருசி கெடுகிறது என்றால் பெரும்பாலும் கை அளவில் அள்ளிப் போடுகிறார்கள். 10,000 லீற்றருக்கு 30 வீதம் குளோரின் உள்ள தூள் ஏறக்குறைய 33 கிராம் போட்டால் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் வரும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள், கையுறை போடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீரில் மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் டி.பி.டி. மாத்திரையால் சோதித்தால் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் போட்டுப் பயனில்லை, அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். தொட்டிக்குத் தண்ணீர் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் ஒருமுறை ஊற்றியது தங்காது, சொட்டுச் சொட்டாக இறங்கும் ஏற்பாடு வேண்டும். திறந்த பை நம் ஈரக்காற்றில் வீரியம் இழந்துவிடும், அதனால் இறுக மூடிய பிளாஸ்டிக் வாளியில் இருட்டில் வையுங்கள். தேத்தண்ணீருக்கு எடுக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க விட்டால் வாடை போய்விடும், சண்டை போடும் வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். குளோரினை மட்டும் நிறுத்த வேண்டாம்.