குளச்சலுக்கு ஒரு மியூசியம் வேண்டுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குக் குளச்சல் பக்கம். இப்போது பெல்ஃபாஸ்ட்டில் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் குடும்பத்தோடு டைட்டானிக் மியூசியம் போய்வந்தோம். முங்கிப்போன ஒரு கப்பலை வைத்து ஊரே பிழைக்கிறது! நமக்குத் திருவிதாங்கூர் டச்சுக்காரரை முறியடித்த 1741 குளச்சல் போர் இருக்கிறது, கட்டுமரம் இருக்கிறது. வருகிறவர்களோ விவேகானந்தர் பாறையையும் கண்ணாடிப் பாலத்தையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். குளச்சலில் இதுபோல ஒன்று கட்டினால் என்ன?

மே., பெல்ஃபாஸ்ட்

அன்புள்ள மே.,

கட்டலாம். ஆனால் உள்ளே என்ன வைப்பது என்று தெரியாமல் கட்டினால் ஒரு பீரங்கி, நாலு போட்டோ, வாசலில் ஒரு செல்ஃபி பாயின்ட், அவ்வளவுதான் மிஞ்சும்.

நீங்கள் பார்த்த கட்டடம் 2012ல்தான் வந்தது. அதற்குள் வைக்க வேண்டிய சரக்கு நூறு வருஷமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. டைட்டானிக்கைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கம்பெனி கப்பலின் ஒவ்வொரு பாகத்துக்கும் வரைபடம் போட்டது. ராபர்ட் வெல்ச் என்ற போட்டோகிராபரை அமர்த்தி கப்பல் கட்டும் யார்டைப் படம்பிடிக்க வைத்தது. டைட்டானிக்குக்கு ஆளேற்றிப்போன நோமாடிக் என்ற சின்னக் கப்பல் பாரிஸில் மிதக்கும் ஓட்டலாகக் காலம் தள்ளியது. அது 2006ல் ஏலத்துக்கு வந்தபோது வடக்கு அயர்லாந்து அரசு 2,50,001 யூரோ கொடுத்து ஊருக்கு மீட்டு வந்தது. அந்த ஒரு யூரோவை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், நம்ம ஊர் மொய்க்கவர் மாதிரி. வரைபடம் போட்ட கூடம் இப்போது ஓட்டல். டைட்டானிக் நின்ற உலர்துறையின் பம்ப் ஹவுஸில் விஸ்கி காய்ச்சுகிறார்கள். 2003ல் கடைசிக் கப்பலை முடித்துக் கொடுத்த யார்டு அது. கைமாறி, நொடித்து, மறுபடி கைமாறி, இப்போது திரும்பவும் கப்பல் கட்டப் பார்க்கிறார்கள்.

எனக்கு அங்கே முக்கியமாகப் படுவது, இரும்புத் தகடுகளை இணைக்கும் தடித்த ஆணியான ரிவெட்டை அடித்தவர்களின் கதை. ஒரு பையன் அடுப்பில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால் எறிவான். இன்னொருவன் அதைப் பிடித்து இரும்புத் தகட்டின் துளைக்குள் சொருகுவான். உள்பக்கம் ஒருவர் கனத்த சுத்தியலை அண்டக் கொடுத்து நிற்க, வெளியே இரண்டு பேர், ஒருவர் இடக்கை, ஒருவர் வலக்கை, மாறிமாறி அடிப்பார்கள். ஆறுவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். எத்தனை ரிவெட் என்ற கணக்கில்தான் கூலி. டைட்டானிக்கில் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம் என்கிறார்கள். அவர்களில் பலருக்குக் காது போனது.

அதே ரிவெட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1920 ஜூலையில் கத்தோலிக்கத் தொழிலாளிகளையும், அவர்களோடு சேர்ந்த இடதுசாரி புராட்டஸ்டன்ட்களையும் சக தொழிலாளிகளே யார்டிலிருந்து அடித்துத் துரத்தினார்கள். தண்ணீரில் குதித்து நீந்தியவர்கள் மேல் ரிவெட்டையும் போல்ட்டையும் வீசினார்கள். டைட்டானிக் மூழ்கியதை உலகமே சொல்லும். இதை அந்த ஊர்தான் சொல்ல வேண்டும்.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

நமக்குச் சிக்கல் என்னவென்றால், கட்டுமரத்துக்கு வரைபடம் கிடையாது. கனமில்லாத மரமாகப் பார்த்து வாங்கி, செதுக்கி, ஆணி இல்லாமல் கயிற்றால் பிணைப்பார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயப்போடுவார்கள். நீர் குடித்த மரம் மிதப்புக் குறையும். மறுநாள் திரும்பக் கட்டு. இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் நாலு கட்டை, ஒரு கயிறு. கட்டுகிற கை இல்லாவிட்டால் அதில் ஒன்றுமே இல்லை. அந்தக் கைகளுக்கு இப்போது எழுபது எண்பது வயது. பிள்ளைகள் பைபர் வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். அதையும் நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். அச்சின் மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து ரெசின் பூசிப்பூசி ஏற்றுகிற வேலையில் நாற்றமும் கையரிப்பும் தாங்க வேண்டும். அதுவும் தொழில்தான், நம் தொழில்தான். பெல்ஃபாஸ்ட்டில் கப்பல் வேலை ஓய்ந்துபோன இடத்தில் மியூசியம் வந்தது. இங்கே கடல் தொழில் இன்னும் ஓயவில்லை.

குளச்சல் போரின் நினைவுத்தூணை விட எனக்கு மணவாளக்குறிச்சி மணல் பெரிய விஷயம். 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட் தாது இருப்பதைக் கண்டுகொண்டார். கேஸ் விளக்கில் ஒளிவிடும் மேன்டில் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம். சீக்கிரமே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. நம்ம ஊர் கயிற்றில் ஒட்டிப்போன மண் ஐரோப்பாவுக்கு வெளிச்சம் கொடுத்திருக்கிறது! அந்த மணலை அள்ளுவதா வேண்டாமா என்று கடலோர ஊர்களில் இன்றும் சண்டை ஓயவில்லை. உதயகிரிக் கோட்டையில், குளச்சல் போரில் பிடிபட்டு திருவிதாங்கூர் தளபதியான டச்சுக்காரர் டிலனாய் காலத்துப் பீரங்கி வார்ப்பாலை இருந்தது. இப்போது அங்கே போகிறவர்கள் மான் பார்த்துவிட்டு வருகிறார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் நின்று போட்டோ எடுக்கிறோம், காலடியில் ஓடுவது எந்த வயலுக்குப் போகிற தண்ணீர் என்று எழுதிவைக்க ஒரு பலகையாவது நட்டால் நல்லது.

நாளைக்கே மியூசியம் வருகிறதென்றால் அதில் ஓகி புயலுக்கு ஒரு அறை வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகளுக்கு என்ன ஆனது, எச்சரிக்கை ஏன் அவர்களுக்குப் போய்ச்சேரவில்லை, கரையில் நின்ற பெண்கள் என்ன கேட்டார்கள். இது இல்லாமல் கட்டுமரத்தை மட்டும் அழகாக வைத்தால் அது டூரிஸ்ட் பொம்மை.

அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கட்டுமரம் கட்டிய பெரியவர் இருந்தால் போனில் வீடியோ எடுங்கள். எந்த மரம், எங்கே வாங்கினார்கள், என்ன விலை, முன்முனையான அணியத்தை எப்படிச் செதுக்கினார்கள், எல்லாம் கேளுங்கள். சொன்னால் மட்டும் போதாது, கையில் கயிறு கொடுத்துக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். எடுத்ததை எனக்கும் அனுப்புங்கள்.