பேட்மின்டன் சந்தேகங்கள்: பி.டி. சார் பதில்கள்

பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பூப்பந்தும் பேட்மின்டனும் ஒன்றுதானா சார்? எங்கள் பள்ளியில் பூப்பந்து டீம்தான் இருக்கிறது. (எட்டாம் வகுப்பு மாணவன்)

இரண்டும் வேறு தம்பி. பூப்பந்தை மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தில், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுவார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த ஆட்டம் அது. நீ டிவியில் பார்ப்பது இறகுப்பந்து, அதாவது ஷட்டில். ஒற்றையரோ இரட்டையரோ மட்டும்தான். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது எது என்று கேட்டுக்கொள்.

எத்தனை பாயின்ட் எடுத்தால் வெற்றி? (ஒரு தாய்)

ஒரு கேமுக்கு 21. மூன்றில் இரண்டு கேம் எடுத்தவர் வெற்றி. 20-20 ஆனால் இரண்டு பாயின்ட் முன்னிலை வேண்டும். அப்படியே இழுத்து 29-29 வந்துவிட்டால் அடுத்த பாயின்ட் எடுத்தவருக்கே கேம். 2006க்கு முன்பு ஆடியவர்கள் "சர்வீஸ் போட்டவருக்குத்தானே பாயின்ட்?" என்று கேட்பார்கள். இப்போது யார் சர்வீஸ் போட்டாலும், ரேலியை, அதாவது சர்வீஸில் தொடங்கி ஷட்டில் மாறி மாறி அடிபடும் ஒரு சுற்றை, வென்றவருக்குப் பாயின்ட்.

இரட்டையரில் யார், எந்தப் பக்கத்திலிருந்து சர்வீஸ் போடுவது? எங்களுக்குள் தினமும் சண்டை. (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

இந்தச் சண்டை எல்லாப் பள்ளியிலும் உண்டும்மா. முதலில் உங்கள் ஸ்கோரைப் பாருங்கள், எதிரணியுடையதை அல்ல. இரட்டைப்படை என்றால் வலப்பக்கம், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம். பூஜ்யமும் இரட்டைப்படைதான்.

நீ 0-0இல் வலப்பக்கம் நின்று சர்வீஸ் போடுகிறாய், பாயின்ட் உங்களுக்கே வருகிறது என்று வைத்துக்கொள். நீயும் தோழியும் பக்கம் மாறுகிறீர்கள். 1-0இல் நீயே இடப்பக்கத்திலிருந்து போடுகிறாய். எதிரணி மாறக் கூடாது. இந்த முறை ரேலி அவர்களுக்குப் போனால் 1-1. சர்வீஸ் அவர்களுக்கு. இப்போது யாருமே இடம் மாற வேண்டாம். அவர்கள் ஸ்கோர் ஒன்று, ஆகவே அவர்களில் இடப்பக்கம் நிற்பவர் போடுவார். அப்புறம் சர்வீஸ் திரும்ப உங்களிடம் வரும்போது, உங்கள் ஸ்கோர் 2 ஆகியிருக்கும். வலப்பக்கம் நிற்கும் தோழி போடுவாள்.

சுருக்கமாக, சர்வீஸ் போட்டுப் பாயின்ட் எடுத்த ஜோடி மட்டுமே இடம் மாறும். குழப்பமெல்லாம் சர்வீஸ் வாங்கிய ஜோடியும் சேர்ந்து மாறிக்கொள்வதால்தான். தவறான இடத்தில் நின்றுவிட்டாலும் பயப்படாதே. கண்டுபிடித்ததும் இடத்தைச் சரிசெய்துகொண்டு, இருக்கும் ஸ்கோரோடு தொடரலாம். இது தெரியாமல் என் மாணவிகள் இருவர் ஒரு போட்டியில் அழுதே விட்டார்கள். அன்றிலிருந்து ராக்கெட் பிடிக்கும் முன்பே, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

சர்வீஸ் நெட்டில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தால் மறுபடி போட வேண்டுமா? (ஏழாம் வகுப்பு மாணவன்)

வேண்டாம். அது டென்னிஸ் விதி. இங்கே சரியான கட்டத்துக்குள் விழுந்தால் சர்வீஸ் செல்லும். கோட்டில் பட்டாலும் உள்ளேதான். ஆனால் ஷட்டில் உன் உடம்பிலோ உடையிலோ பட்டால் ஃபால்ட், அதாவது தவறு; பாயின்ட் எதிரணிக்கு. ஆட்டத்தின் நடுவே உன் ராக்கெட் நெட்டைத் தொட்டாலும் ஃபால்ட்.

சர்வீஸை இடுப்புக்குக் கீழேதானே அடிக்க வேண்டும்? (ஒரு தந்தை)

அது பழைய விதி சார். இப்போது தரையிலிருந்து 1.15 மீட்டர் என்று ஒரே அளவு. அடிக்கும் நொடியில் முழு ஷட்டிலும் அதற்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் வீட்டுச் சுவரில் அந்த உயரத்தில் ஒரு டேப் ஒட்டி, பக்கத்தில் நின்று பழகச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது.

எங்கள் பள்ளியில் உள்ளரங்கம் கிடையாது. மண் தரையில் கோர்ட் போடலாமா? (புதிதாகச் சேர்ந்த ஆசிரியை)

தாராளமாகப் போடுங்கள் மேடம். நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10, ஒற்றையருக்கு 5.18. நெட் கம்பத்தருகே 1.55, நடுவில் 1.524 மீட்டர். கோர்ட்டின் நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும், காலை வெயில் யார் கண்ணிலும் நேராக விழாது. இறகு ஷட்டில் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். மண்ணில் சீக்கிரம் பிய்ந்துவிடும். நைலான் போதும். அதில் பச்சைப் பட்டை மெதுவாகப் போகும், நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். காற்று எழும் முன், முதல் மணி அடிப்பதற்குள் ஆடிவிடுங்கள். சுண்ணாம்பு குறைவாக இருந்தால் வெளிக்கோட்டோடு, நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் வரும் சர்வீஸ் கோட்டையும் அதன் நடுக்கோட்டையும் மட்டும் முதலில் போடுங்கள். பிள்ளைகள் அன்றைக்கே சர்வீஸ் பழகத் தொடங்கிவிடலாம்.