விட்டுவிட்டு எங்கே போனீர்கள்?

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் டீம் லீடாக ஆக்கினார்கள். எனக்குக் கீழே 9 பேர். அதில் ஒருவர் என்னைவிட 12 வயது மூத்தவர். இரண்டு நாள் தலைமைப் பயிற்சியும் கொடுத்தார்கள். அதிகாரமாக நடத்துவது, கலந்து பேசி நடத்துவது, அவரவர் போக்கில் விடுவது என்று பல பாணிகள் உண்டாம். நான் எல்லோரையும் நம்பி வேலையை விட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பாதிகூட முடியவில்லை. எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். இப்போது யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எந்தப் பாணியை எப்போது கையாள்வது? அந்த மூத்தவரிடம் எப்படி வேலை வாங்குவது? 'இதனை இதனால் இவன்முடிக்கும்' குறளை நம்பித்தானே விட்டேன்?

கே.

அன்புள்ள கே.,

கடைசி வரியில் குறளை இழுக்காமல் இருந்திருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன். ஒரு வாரமாக அந்த அதிகாரத்தைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

தெரிந்துவினையாடல், 52ஆம் அதிகாரம். நீங்கள் சொன்னது 517. 'என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்' என்று முடியும். நீங்கள் நம்பி விட்டேன் என்கிறீர்கள். வள்ளுவர் ஆய்ந்து விடச் சொல்கிறார். அது போகட்டும். மேலாளர்கள் பேச்சில் இந்த ஒரு குறள்தான் எப்போதும் வருகிறது. மூன்று குறள் தள்ளி, அதே அதிகாரத்தின் கடைசியில் 520 இருக்கிறது: 'நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை கோடா துலகு.' வேலை செய்கிறவன் கோணாமல் செய்கிறானா என்று அரசன் தினமும் பார்க்க வேண்டும். அவன் கோணாவிட்டால் உலகம் கோணாது. விடு என்ற அதே ஆள்தான் தினமும் பார் என்கிறார். நாடோறும் என்பதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று எந்த உரைகாரரும் பொருள் எழுதவில்லை, தம்பி.

உங்கள் மூன்று பாணிகளும் உளவியலாளர் கர்ட் லெவினும் கூட்டாளிகளும் 1939இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருபவை. அமெரிக்காவின் அயோவாவில் 10 வயதுப் பையன்களைக் குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதட்டி வேலை வாங்கியவர் அறையை விட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசியவர் வெளியே போனபோதும் பையன்கள் தம் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். மூன்றாமவர் அறையில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். நீங்கள் மூன்று வாரம் அந்த மூன்றாமவராக இருந்துவிட்டு, ஒரே நாளில் முதலாமவராகிவிட்டீர்கள். தலைமைப் பாணியை நாலு கட்டம், ஆறு வகை என்று பிரித்து அதற்குப் பிறகு வந்த படங்களெல்லாம் இருக்கட்டும்.

நான் 1984இல் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். ஈய எழுத்துக் காலம். ஃபோர்மேன் எல்லோருக்கும் அண்ணாச்சி. ட்ரெடில் என்கிற கால்மிதி அச்சு மெஷினை மிதித்துத் தாள் வைத்து எடுப்பது என் வேலை. மெஷின் வாய் மூடும்போது விரல் உள்ளே இருந்தால் விரல் போச்சு. அங்கே அண்ணாச்சி கத்துவார். 'கை!' என்று ஒரே சொல், கூடவே முதுகில் ஓர் அடி. என்னைக் கலந்து ஆலோசித்திருந்தால் இதை ஒன்பது விரலால் தட்டிக்கொண்டிருப்பேன்.

அதே மனிதர் பத்தடி தள்ளி, அச்சுக் கோக்கும் பெரியவரிடம் போனால் ஆளே மாறிவிடுவார். பெரியவர் இவரைவிட மூத்தவர். எழுதிய தாளை வைத்துவிட்டு 'பாத்துக்கிடுங்க' என்பார், அவ்வளவுதான். எந்த எழுத்து, எங்கே பூ பார்டர், ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் சாயங்காலம் புரூஃப், அதாவது பிழை பார்க்க அடிக்கும் முதல் தாள், மை காய்வதற்குள் அண்ணாச்சி கைக்கு வந்தாக வேண்டும். காதில் செருகிய பென்சிலை எடுத்து நின்றபடியே வாசிப்பார். பெரியவருக்கு அது அவமானமாகப் பட்டதே இல்லை. பிழையில்லாத நாளில் தாளை அவரிடமே கொடுத்துவிட்டு டீ சொல்வார்.

ஒரு தை மாதம், முகூர்த்த நெருக்கடியில், அண்ணாச்சி புரூஃப் பார்க்கவில்லை. 500 கல்யாணப் பத்திரிகை ஓட்டி முடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்து கட்டை மேசையில் போட்டார்கள். மாப்பிள்ளையின் இனிஷியல் பெண்ணுக்கும் பெண்ணின் இனிஷியல் மாப்பிள்ளைக்கும் போயிருந்தது. பெரியவர் எழுந்து நின்றார். கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக் ஆடியது, இரண்டு எழுத்து கீழே விழுந்து உருண்டது. அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை. 'புரூஃப் நான் பாக்கலை. விடியுமுன்ன வேற அடிச்சுத் தாரேன்' என்றார். விடிய விடிய ட்ரெடில் மிதித்தது நான்தான், அது வேறு கதை.

1979இல் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட கதையைப் பயிற்சியில் சொல்லியிருப்பார்களே. சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்கள். அதற்குக் கைதட்டிவிட்டு வந்துதானே 9 பேர் முன்னால் கத்தினீர்கள்? எனக்கு ஆறவே இல்லை. சர்வர் விழுந்து யாரோ ஒருவருடைய பணம் போய்க்கொண்டிருந்தால் கத்துங்கள், தப்பே இல்லை. உங்கள் அறையில் அன்றைக்கு யார் விரல் மெஷினுக்குள் இருந்தது?

நீங்கள் கெட்டவர் இல்லை, தெரிகிறது. கெட்டவராக இருந்தால் முகம் கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டு எனக்கு எழுத மாட்டீர்கள். தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்து ஒதுங்கியிருப்பீர்கள். அந்த நல்லெண்ணத்தில்தான் மூன்று வாரம் போயிருக்கிறது.

மூத்தவரைப் பற்றிக் கேட்டதை மறந்தே போனேன். முதலில் அவரிடம் போங்கள். 'மூணு வாரமா நான் வந்து பார்க்கலை சார், என் தப்பு' என்று மற்றவர்கள் காதிலும் விழும்படி சொல்லுங்கள். கத்தியதும் எல்லோர் முன்னாலும்தானே. அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வேலை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். மறுநாளும் போங்கள். டீ உங்கள் செலவு.