மாலத்தீவுல 9 வருஷம் கணக்கு டீச்சர், அந்த ஊர் ஜனங்க வாழ்க்கையப் பத்தி கேளுங்க

பயணக் கட்டுரைங்கற பேர்ல மாலத்தீவப் பத்தி எழுதறதையெல்லாம் படிச்சா மனசு நோகுது. முதல் 4 வருஷம் ஒரு சின்னத் தீவு, அப்புறம் 5 வருஷம் தெற்குல அட்டூங்கற தீவுக்கூட்டத்துலன்னு அந்த ஜனங்களோடயே இருந்தவ நான். தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

அக்கா, கடலுக்கு மேல கால் ஊணி நிக்குற மர வீட்லதான் அங்க எல்லாரும் இருப்பாங்களா? போட்டோ எல்லாமே அப்படித்தான் இருக்கு.

இல்லப்பா, அது ரிசார்ட்காரங்க சுற்றுலாவுக்குன்னு கட்டினது, ஊர்க்காரங்க யாரும் அதுல குடியிருக்கல. 1972ல முதல் ரிசார்ட் வந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்ன்னு ஆள் குடியில்லாத தீவுகளாப் பாத்துத்தான் கொடுத்தாங்க. கிட்டத்தட்ட 1200 தீவு இருக்கு, அதுல ஜனங்க வாழுறது 200க்கும் கம்மி. ஏர்போர்ட்டே தனித் தீவுல இருக்குறதால இறங்கின உடனே ஸ்பீட்போட்ல ஏறி ரிசார்ட்டுக்குப் போயிடலாம், 4 நாள் தங்கிட்டு அதே வழியா திரும்பிடலாம், ஒரு மாலத்தீவுக்காரர் வீட்டு வாசலக்கூட பாக்க வேண்டாம். அப்படிப் போய் வந்தவங்கதான் "மாலத்தீவு மக்களின் வாழ்க்கை"ன்னு தலைப்பு வைக்கிறாங்க. நெஜ வீடு சிமெண்ட் கல்லுல கட்டினது, வாசல்ல ஜோலின்னு கயிறு வலை பின்னின நாற்காலி வரிசையா இருக்கும், சாயங்காலம் தெருவே அதுல உக்காந்துதான் பேசும்.

காலைல மீன் பிடி, மத்தியானம் தூங்கு, டென்ஷனே இல்லாத வாழ்க்கைன்னு எழுதுறாங்களே டீச்சர்?

இதப் படிச்சாதான் எனக்குக் கோவமே வரும். சூரை மீனை அங்க தூண்டில் கழியால ஒண்ணு ஒண்ணாத்தான் பிடிக்கிறாங்க, அதுக்கு மொதல்ல உயிர் இரை வேணும், அந்தப் பொடி மீனை ராத்திரியோ விடியக்காலமோ வலை போட்டு பிடிச்சு, படகுத் தொட்டில தண்ணி ஓட விட்டு உயிரோட வச்சுக்கிட்டு, அப்புறம் நடுக்கடலுக்குப் போய் நாள் முழுக்க வெயில்ல நின்னு வேலை. திரும்பி வந்து மத்தியானம் கண் அசந்தவரத்தான் இவங்க போட்டோ எடுத்து சோம்பல்னு எழுதறாங்க. தவிர எல்லாரும் மீனவங்க இல்லையே, என் பசங்களோட அப்பாக்கள்ல நெறைய பேர் ரிசார்ட் வேலைல இருந்தாங்க, அடுத்த தீவுதான்னாலும் லீவு கிடைச்சாதான் வீட்டுக்கு வருவாங்க. சின்னத் தீவுல பத்தாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சிடும், மேல படிக்க பிள்ளையை தலைநகர் மாலேல சொந்தக்காரங்க வீட்ல விடணும், அங்க நாட்டு ஜனத்தொகைல மூணுல ஒரு பங்குக்கு மேல நெருக்கி அடிச்சுக்கிட்டு இருக்கு, வாடகைக்கே சம்பளம் பத்தாது. தென்மேற்குப் பருவக் காத்து கிளம்பிச்சுன்னா படகு வராது, படகு வரலன்னா காய்கறி வராது. காய்ச்சல்ல கிடக்கிற குழந்தையோட ஒரு அம்மா படகுத்துறைல காத்துக்கிட்டு நின்னத நான் பாத்திருக்கேன்.

வெளி உலகமே தெரியாத அப்பாவி ஜனங்கன்னு ஒரு கட்டுரைல படிச்சேன்.

அந்த ஊர் சோழி பல நூற்றாண்டா எத்தனையோ நாட்டுல காசா புழங்கியிருக்கு. 1340கள்ல மொராக்கோ பயணி இபின் பதூதா அங்க காஜியா, அதாவது நீதிபதியா, வேலையே பாத்திருக்கார். அட்டூல கான் தீவுல 1976 வரைக்கும் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் இருந்துச்சு, அங்க வேலை பாத்த பெரியவங்க பேசுற இங்கிலீஷ் அவ்ளோ நல்லா இருக்கும்.

அங்க என்ன பாஷை? அரபியா?

திவெஹி. சிங்களத்துக்கு சொந்தக்கார பாஷை, 'தானா'ன்னு பேர் உள்ள எழுத்துல வலமிருந்து இடமா எழுதுவாங்க. அதுல முதல் 9 எழுத்து அரபி எண்கள்லேர்ந்தும் அடுத்த 9 பழைய உள்ளூர் எண்கள்லேர்ந்தும் வந்தது. கணக்கு டீச்சருக்கு இது எவ்ளோ சந்தோஷமா இருந்திருக்கும்னு பாருங்க!

சுத்தி தண்ணி, தலைக்கு மேல இளநி, தண்ணிப் பஞ்சம் எப்படி வரும்?

தீவு மணலுக்கு அடில உப்புத்தண்ணி மேல மிதக்குற மாதிரி மெல்லிசா நல்ல தண்ணி இருக்கும், அவ்ளோதான். 2004 சுனாமில பல தீவுல அதுவும் உப்பாச்சு. மழைத்தண்ணித் தொட்டியும் கடல்நீர சுத்திகரிக்கிற ஆலையும்தான் கதி. 2014 டிசம்பர்ல மாலே ஆலைல தீப்பிடிச்சப்போ ஒரு லட்சம் பேருக்கு குழாய்த்தண்ணி நின்னுபோச்சு, இந்தியாலேர்ந்து விமானத்துல தண்ணி போச்சு.

இன்னும் கொஞ்ச வருஷத்துல முழுகிடுமாமே, அதுக்குள்ள பாத்துடணும்னு எழுதறாங்க?

ஆபத்து நெஜம், அத நான் குறைச்சு சொல்ல மாட்டேன். இயற்கையான நிலத்துல ரொம்ப உயரமான இடமே சுமார் 2.4 மீட்டர்தான், கரை அரிக்குது, அலை வீட்டுக்குள்ள வருது, பவளப்பாறை 2016 வெப்பத்துல வெளுத்துப்போச்சு. ஆனா தீவு ஒரு கல்லு மாதிரி அப்படியே முழுகறதில்ல, மணல் ஒரு பக்கம் போகும் இன்னொரு பக்கம் சேரும். பசிபிக் கடல்ல இருக்குற துவாலுங்கற தீவு நாட்டுல 1971லேர்ந்து 2014 வரைக்கும் எடுத்த வான்படங்கள ஒப்பிட்டப்போ சில தீவு சுருங்கியிருந்தாலும் மொத்த நிலம் 2.9 சதவீதம் கூடியிருந்துச்சு, 2018ல அந்த ஆய்வு வந்துச்சு. இனிமேலும் அப்படியே இருக்கும்னு அர்த்தமில்ல. மாலத்தீவுக்காரங்களும் 1997லேர்ந்து கடலத் தூத்து ஹுல்ஹுமாலேன்னு ஒரு நகரத்தையே எழுப்பிக்கிட்டிருக்காங்க. உயிரோட இருக்குற ஜனங்கள கடைசியா ஒரு தடவை பாக்குற மாதிரி எழுதறது எனக்குப் பொறுக்கல.

அப்போ ஊர் ஜனங்களப் பாக்கணும்னா எப்படிப் போறது அக்கா?

2009க்கு அப்புறம் ஊர்த் தீவுலயே கெஸ்ட்ஹவுஸ் வந்திருக்கு தம்பி, அதுல தங்கு, பொதுப் படகுல போ. நீச்சல் உடைக்குன்னு தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பாங்க, மத்த இடத்துல உடம்பு மறைச்சு உடுத்திக்கோ, மது கிடையாது. வெள்ளிக்கிழமை பெரும்பாலும் படகு ஓடாது, அதையும் பாத்து டிக்கெட் போடு.